பதினேழாம் அலைபேசி நின்ற இடம்

அத்தியாயம் நான்கு

மார்ச் மாதம் பத்தொன்பதாம் நாள், வியாழக்கிழமை. காலை முதல் வெயிலும் இல்லை, மழையும் இல்லை. வானம் துவைக்காத விரிப்பைப் போல் தலைக்கு மேல் தொங்கியது. காற்று அறவே நின்றுபோனதால் புழுக்கம் மட்டுமே மிஞ்சியிருந்தது.

அத்தகைய நாளில், பழைய கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடியில், மின்விசிறிக்கு நேர்கீழே அமர்ந்து, ஒரு சான்றிதழில் கையெழுத்திடப் பேனாவைத் திறந்தார் சர்வேயர். இவர் முப்பது ஆண்டுகள் காப்பீட்டு நிறுவனத்துக்காக நசுங்கிய வாகனங்களை மதிப்பிட்டவர். ஓய்வுக்குப் பின் துப்பறியும் தொழிலை மேற்கொண்டவர். ஆயினும் பழைய தொழிலின் பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது. எதிர் நாற்காலியில் இருந்தவர் அவருடைய மைத்துனர். மனைவியின் தம்பி, நாற்பது வயதினர், அலுவலகத்தின் ஒரே உதவியாளர். பெற்ற சம்பளத்துக்கு வேலையும் பெறாத சம்பளத்துக்குக் கேலியும் செய்பவர்.

"அத்தான், இதோட ஒரு டஜன்," என்றார் மைத்துனர். "டஜனுக்கு ஏதாவது இனாம் உண்டான்னு கம்பெனில கேளுங்க."

"இணைப்பைப் படிச்சியா?"

"நாப்பத்தொரு பக்கம். போனுக்கு ஒரு பக்கம். மத்தியானத் தூக்கத்துக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது."

அந்தச் சான்றிதழ் எதற்கு என்பதை இவ்விடத்தில் விளக்குதல் வேண்டும். காணொளிகளைப் பார்ப்போர், அவற்றைச் சொந்தமாக எடுத்து வெளியிடுவோருக்கு நிமிடத்துக்கு ஒரு துளி வீதம் பணம் செலுத்தும் செயலி ஒன்று இருந்தது. துளி என்பது மிகச் சிறு தொகை. நூறு துளி சேர்ந்தால் ஒரு தேநீர் வாங்கலாம். விளம்பரம் கிடையாது, தரகர் கிடையாது, பார்ப்பவர் கொடுப்பது படைப்பவருக்கே சேரும் என்பது அச்செயலியை நடத்திய நிறுவனத்தின் வாக்கு. ஒருவர் கணக்கில் ஒரு லட்சம் துளி நிறைந்தால், அதிலிருந்து ஏழாம் நாள் மாலை ஐந்து மணிக்கு அத்தொகை அவருடைய வங்கிக்குத் தானாகச் செல்லும். அதற்குள் அக்கணக்கின் பார்வைகள் போலியானவை என்று வெளி விசாரணையாளர் ஒருவர் சான்றளித்தால், அக்கணக்கு முடக்கப்படும். துளிகள் நிறுவனத்திடமே தங்கிவிடும்.

அந்த வெளி விசாரணையாளர் சர்வேயர். இதுவரை பதினொரு சான்றுகளில் அவர் கையெழுத்திட்டிருந்தார். அலுவலக வாடகையில் முக்கால் பங்கு அந்தக் கையெழுத்துகளிலிருந்தே வந்தது.

"யாரு இது?"

"மெஷின் அக்கான்னு பேரு வெச்சிருக்காங்க. தையல் மெஷின் ரிப்பேர் சொல்லித்தர்றாங்க. இருநூத்திப் பதினாலு வீடியோ. அஞ்சு வாரமா ஒரே இணைப்புலேர்ந்து நாப்பத்தொரு போன் நாள் தவறாம கொஞ்ச நேரம் பார்க்குதாம். அக்காவே ஆள் வெச்சு ஓட்டுறாங்கன்னு கம்பெனி சொல்லுது. சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் டைம்."

சர்வேயர் ரப்பர் முத்திரையை மைத்தட்டில் ஒற்றினார். அந்நேரத்தில் மின்விசிறி தாள்களைப் புரட்டியது. அவற்றைக் கையால் அமுக்கியவரின் கண் பதினேழாம் பக்கத்தில் நின்றது. நசுங்கிய வண்டியில் புதிய அடிக்கு நடுவே பழைய கீறலைக் கண்டுபிடித்துப் பழகிய கண் அது. பதினொரு முறை அக்கண்ணுக்கு அவர் வேலை கொடுக்கவில்லை.

ஏனைய பக்கங்களில் ஒவ்வொரு காணொளியும் தொடங்கும் இடத்தில் தொடங்கி, முடியும் இடத்தில் முடிந்திருந்தது. பதினேழாம் அலைபேசியில் மட்டும் ஒரு காணொளி ஆறாம் நிமிடம் பன்னிரண்டாம் நொடியில் நின்றது. பதினொரு நிமிடங்களுக்குப் பின், பத்து நொடி பின்னோக்கிச் சென்று மீண்டும் ஓடியது. மறுபடி நின்றது. இவ்வாறு நான்கு முறை.

"அந்த வீடியோவைப் போடு. ஆறாவது நிமிஷம்."

மைத்துனரின் திரையில் எண்ணெய் படிந்த இரண்டு கைகள் தோன்றின. முகம் தெரியாத பெண்குரல் பேசியது: "இப்ப ஊசியைக் கீழ இறக்கிட்டு இந்தத் திருகை லேசா தளர்த்துங்க. இதுக்கு ரெண்டு கையும் வேணும். போனைக் கீழ வெச்சிடுங்க. அவசரமில்லை, நான் காத்திருக்கேன்."

சர்வேயர் முத்திரையைத் தாளில் பதிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பை முழுதும் மை ஊறியது.

"பொய்யா பார்க்குறவனுக்கு எதுக்குடா ரெண்டு கையும் வேணும்?"

"அத்தான், என் அக்கா இந்த வெள்ளைச் சட்டைக்கு என்ன சொல்லப்போறாங்கன்னு முதல்ல யோசிங்க," என்று கூறிக்கொண்டே மைத்துனர் வண்டிச் சாவியை எடுத்தார்.

மெஷின் அக்கா குடியிருந்தது ஒற்றை அறை. கட்டிலுக்கு அடியில் நான்கு தையல் மெஷின்கள், சன்னல் ஓரத்தில் வேலைப் பலகை, அதற்கு மேல் அலைபேசியைத் தொங்கவிடக் கட்டிய கொடிக்கம்பி ஆகியவை அவ்வறையின் உடைமைகள். ஐம்பதை நெருங்கிய அவர் வந்தவர்களை உட்காரச் சொல்லவில்லை.

"கம்பெனி மெயில்ல சொன்ன, கையெழுத்து போடுறவர் நீங்கதானா? போட்டுட்டு வந்தீங்களா, போடுறதுக்கு முன்னாடி வேடிக்கை பார்க்க வந்தீங்களா?"

"இன்னும் போடலை."

"அப்ப கேளுங்க. நான் யாரையும் வெச்சு ஓட்டலை. எதிர் வீட்டு மாடிப்படிக்குக் கீழ ஒரு சின்ன அறை இருக்கு. கடைக்கு. இன்னைக்கு ஆறு மணிக்குள்ள முன்பணம் தந்தா எனக்கு, இல்லைன்னா வேற ஆளுக்குன்னு வீட்டுக்காரர் சொல்லிட்டாரு. இந்தத் துளியை நம்பித்தான் வாக்குக் கொடுத்தேன்."

"இல்லைன்னா?" என்று கேட்டார் மைத்துனர்.

"இல்லைன்னா பழைய பட்டறைக்கே போகணும். முதலாளி காலைலயே போன் பண்ணிட்டாரு. 'உன் ஸ்டூல் காலியாத்தான் இருக்கு, வந்து உக்காரு'ன்னாரு." தம் நெற்றியில் புருவத்துக்கு மேலிருந்த தழும்பை அவர் தொட்டுக் காட்டினார். "இது அவரு எறிஞ்ச ஸ்பேனர்."

மைத்துனர் நிமிர்ந்து நின்றார். "அத்தான், முடிஞ்சுது கேஸ். அக்கா திரும்பி வரணும்னு அந்த ஆளே செஞ்சிருக்கான்."

"அவரா?" என்றார் மெஷின் அக்கா. "டீக்குச் சர்க்கரையை எண்ணிப் போடுறவருங்க. பார்வை பொய்யா இருக்கலாம், துளி பொய்யில்லையே. நாப்பத்தொரு போனும் நிமிஷத்துக்கு ஒண்ணு எனக்குக் கட்டியிருக்கு. என்னைக் கெடுக்கக்கூட அந்த மனுஷன் எனக்குக் காசு தரமாட்டாரு."

சர்வேயர் தலையசைத்தார். பணத்தைத் தண்ணீராய்ச் செலவிட்டு ஒருவரைக் கெடுப்பதென்றால், அப்பணம் கெடுப்பவருக்குச் செலவாய்த் தோன்றாததாய் இருத்தல் வேண்டும். அந்த எண்ணத்தை மனத்தின் ஒரு மூலையில் வைத்துவிட்டு, பதினேழாம் பக்கத்தை நீட்டினார்.

"இந்த ஆளு உங்ககிட்ட எப்பவாவது பேசியிருக்காங்களா?"

மெஷின் அக்கா தம் அலைபேசியில் தேடினார். அந்தக் காணொளியின் கீழ் அதே கணக்கிலிருந்து கேள்வியொன்று வந்திருந்தது: 'அக்கா, தையல் விட்டு விட்டு விழுது. என் மெஷின்ல இந்தத் திருகு இடப்பக்கம் இருக்கு. என்ன செய்யணும்?' உடன் ஒரு புகைப்படம். 'பழைய மாடல், எதிர்ப்பக்கம் திருப்புங்க' என்று அவர் விடையும் எழுதியிருந்தார்.

இப்பொழுது அவர் படத்தை விரலால் பெரிதாக்கினார். மெஷினின் திறந்த பக்கமூடியின் உட்புறத்தில் சிவப்பு நிறத்தில் முப்பத்தொன்று என்று எழுதப்பட்டிருந்தது.

"இது என் கையெழுத்து. நான் சரி பண்ற ஒவ்வொரு மெஷின்லயும் நகப்பூச்சுல நம்பர் எழுதுவேன், எண்ணெய் பட்டாலும் போகாது. அன்னைக்குத் திருகை மட்டும்தான் பார்த்தேன், மூடியைப் பார்க்கலை."

கட்டில் மெத்தைக்கு அடியிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகம் வந்தது. முப்பத்தொன்றுக்கு நேரே எழுதியிருந்தது: பேட்டரிக் கடை மாடி, ஒரு பெண், இரண்டு தவணை, தீர்ந்தது.

"நகப்பூச்சை இப்படியும் பூசலாம்னு எங்க வீட்டுல தெரிஞ்சா எனக்கு மாசச் செலவு குறையும்," என்றார் மைத்துனர்.

மெஷின் அக்கா சிரிக்கவில்லை. "மணி ஒண்ணரை ஆச்சுங்க," என்றார்.

பேட்டரிக் கடையின் மாடிப்படி இருண்டும் வழுவழுப்பாயும் இருந்தது. மேலே கதவு பூட்டப்படவில்லை; உள்ளே திருடுவதற்கு ஒன்றும் இல்லை என்று யாரோ கருதியிருக்க வேண்டும். கதவைத் தள்ளியதும் காய்ந்த ரப்பரும் வியர்வையும் ஈரத்துணியும் கலந்த வெப்பம் முகத்தில் அறைந்தது. சன்னல்களுக்குச் செய்தித்தாள் ஒட்டியிருந்தார்கள். சுவரோரம் இரும்புத் தட்டுகள். தட்டுகளில் வரிசை வரிசையாய் இருநூறுக்கும் மேற்பட்ட அலைபேசிகள். எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன, ஒன்றிலும் ஒலி இல்லை. ஒரு திரையில் ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டினார். இன்னொன்றில் ஒருவர் குழாயின் வாஷரை மாற்றிக்கொண்டிருந்தார். மற்றொன்றில் வாய்பேச முடியாத ஒரு பெண் கைகளால் கதை சொன்னாள். உலகிலுள்ள பொறுமைசாலிகள் அனைவரையும் பிடித்து வந்து, யாரும் இல்லாத அறையில் பேசவிட்டாற்போல் இருந்தது.

நடுவே முப்பது வயதுடைய பெண் ஒருத்தி, கையில் ஈரத்துணியுடன் சூடேறிய அலைபேசிகளை ஒவ்வொன்றாய்த் துடைத்துக்கொண்டிருந்தாள். மூலையில் தையல் மெஷின். அதன்மேல் சாய்த்து வைத்திருந்த அலைபேசியின் முதுகில் பதினேழு என்று ஒட்டியிருந்தது.

"பேட்டரி வேணும்னா கடை கீழ இருக்கு," என்றாள் அவள்.

"பதினேழாம் நம்பரைப் பார்க்க வந்தோம்மா."

அவள் கையிலிருந்த துணி நின்றது. "வீடியோவை நிறுத்துனதுக்குச் சம்பளத்துல பிடிப்பாங்களா?"

"தையல் விட்டு விட்டு விழுந்ததே, அது சரியாச்சா?" என்று கேட்டார் சர்வேயர்.

அவள் எதிர்பார்த்த கேள்வி அதுவன்று. ஆகவே, மறைக்கத் தோன்றாமல் விடை வந்தது. "சரியாயிடுச்சு சார். இப்ப பக்கத்துல ரெண்டு பேரு மெஷினையும் நான்தான் பார்க்குறேன். இங்க எல்லாரும் பேசிட்டே இருக்காங்க, ஒருத்தர் பேச்சையாவது கேட்கலாம்னு தோணுச்சு. அந்த அக்கா மட்டும்தான் காத்திருக்கேன்னு சொன்னாங்க."

"இந்த போனுக்கெல்லாம் துளி யாரு வாங்கிப் போடுறா?"

"யாரும் வாங்குறதில்லை சார். காலைல ஒன்பது மணிக்குத் தானா நிரம்பிடும். நிரம்பலைன்னா அந்த நம்பருக்குச் சொல்லணும்." தட்டின் விளிம்பில் ஓர் அட்டை ஒட்டியிருந்தது. அதற்கு மேலே சுவரில் ஒரு பட்டியல்: பன்னிரண்டு பெயர்கள். பதினொன்றுக்கு நேரே சரி என்ற குறி. பன்னிரண்டாவது மெஷின் அக்கா. ஒவ்வொரு பெயரின் அருகிலும் ஓர் எண் இருந்தது. தொண்ணூறாயிரத்து நாற்பது, தொண்ணூறாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு, தொண்ணூறாயிரத்து எழுபத்தைந்து. தொண்ணூறாயிரத்தைத் தொடாத எண் ஒன்றுமில்லை; வெகுதூரம் தாண்டிய எண்ணும் ஒன்றுமில்லை.

"இது என்ன நம்பரும்மா?"

"பேரு வர்ற அன்னைக்கு அவங்க கணக்குல இருந்த துளியாம். தொண்ணூறு தாண்டினா பேரு வந்துடும்."

மைத்துனர் மெல்ல விசில் அடித்தார். "அடுத்தவன் கணக்குல எவ்வளவு இருக்குன்னு பட்டறை முதலாளிக்கு எப்படித் தெரியும் அத்தான்?"

"தெரியாது. கணக்கு வெச்சிருக்கிறவருக்குத் தெரியும், கணக்கை நடத்துற கம்பெனிக்குத் தெரியும். அந்த அட்டையில இருக்குற நம்பரை என் போன்ல போடு."

மைத்துனர் எண்களை அழுத்தினார். கடைசி எண்ணை அழுத்தியதும், அழைப்பதற்கு முன்னரே, அலைபேசியில் ஏற்கெனவே பதிந்திருந்த பெயர் திரையில் தோன்றியது: பரிசீலனை அதிகாரி. மாதந்தோறும் சர்வேயருக்குச் சான்றிதழ்களை அனுப்பிவைக்கும் அதே அதிகாரி.

சர்வேயர் பட்டியலைப் படம் எடுத்துக்கொண்டார்.

"டிக் எப்ப அடிப்பீங்க?" என்று மைத்துனர் சும்மா கேட்டுவைத்தார்.

"ரப்பர் ஸ்டாம்ப் வந்ததும்," என்றாள் அவள். "வெளியில ஒரு ஆளு இருக்காராம் சார். வெறும் தாளை நீட்டினாலும் கையெழுத்து போட்டுடுவாராம், ஒரு பக்கம்கூடப் புரட்டமாட்டாராம். ரப்பர் ஸ்டாம்ப்னுதான் அவருக்கு இங்க பேரு. அவரு போட்டதும் டிக். அடுத்த பேரு."

அவளுடைய பார்வை சர்வேயரின் சட்டைப் பைக்கு வந்தது. வெள்ளைத் துணியில் ஊறிய ஊதா மைக்கு நடுவே முத்திரையின் மரப்பிடி துருத்திக்கொண்டிருந்தது. மைத்துனர் அதை மறைக்க ஓரடி முன்னே வந்தார்.

"எனக்கு வேலை போயிடுமா சார்?" என்று அவள் கேட்டாள்.

சர்வேயர் வாய் திறக்குமுன் மைத்துனர் முந்திக்கொண்டார். "போயிடும்மா. பொய் சொல்ல மனசு வரலை."

அவள் ஈரத்துணியைத் தட்டின்மேல் மடித்து வைத்தாள். "அப்ப ஆளுக்கு ஒரு பக்கம் பிடிங்க. அந்த மெஷின் என்னோடது. அது இங்க இருக்க வேண்டாம்."

இரும்புக் கால்களுடன் கூடிய அந்த மெஷினை மாடிப்படி வழியே இறக்குதற்குள் மைத்துனர் மூன்று முறை கடவுளையும் ஒரு முறை தம் அக்காளையும் அழைத்தார். மெஷின் அக்காவின் முகவரியைச் சர்வேயர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அவள் அதை வாங்கிப் பதினேழாம் அலைபேசியின் உறைக்குள் செருகிக்கொண்டாள்.

நிறுவனத்தின் அலுவலகம் கண்ணாடியாலானது, குளிர்ந்தது. சுவரில் 'ஒவ்வொரு துளியும் ஒரு கைதட்டல்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. பரிசீலனை அதிகாரி இளைஞர், பணிவானவர். சர்வேயர் வந்தபோது மணி நான்கு இருபது.

"வாங்க சார். நேர்லயே கொண்டு வந்துட்டீங்க. மெயில்ல அனுப்பியிருக்கலாமே?" தாளைப் புரட்டியவர் புன்னகைத்தார். "கையெழுத்து மறந்துட்டீங்க."

"கையெழுத்தை ஒருநாளும் மறந்ததில்லை தம்பி. பதினொரு தடவை படிக்கத்தான் மறந்தேன்." சர்வேயர் பட்டியலின் படத்தைக் காட்டினார்.

அதிகாரி நெடுநேரம் அதைப் பார்த்தார். மறுப்பார் என்று மைத்துனர் எதிர்பார்த்தார். அவர் மறுக்கவில்லை; கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"சார், ஆயிரம் டீ விலை. இதுக்காகவா வெயில்ல அலைஞ்சீங்க?"

"வெயில் இல்லை. புழுக்கம்," என்றார் மைத்துனர்.

"புரிஞ்சுக்கங்க சார். பத்தாயிரம் பேரு வீடியோ போடுறாங்க. பார்க்குறவங்ககிட்ட முன்கூட்டியே வாங்கின காசு இந்தக் கட்டடத்துக்கே போயிடுச்சு. எல்லாரும் லட்சத்தைத் தொட்டா நாங்க எங்கேர்ந்து தர்றது? அதான் தொண்ணூறுலயே ஒரு வேலி. உங்க ஃபீஸும் அந்தத் துளியிலேர்ந்துதான சார் வருது?"

அதுவரை கேட்டவற்றுள் இதுவே சர்வேயருக்கு உறைத்தது. குழாய் வாஷர் மாற்றுபவரின் துளி அவர் அலுவலக வாடகையாயிற்று. கைகளால் கதை சொன்ன பெண்ணின் துளி, இன்று மை ஊறிய இந்தச் சட்டையாயிற்று. அவர் மேசை மேலிருந்த காபியைத் தள்ளி வைத்தார். அதன் வாடையும் பிடிக்கவில்லை.

"வேற யாராவது கையெழுத்து போடலாமே?" என்று மைத்துனர் கேட்டார்.

"பதிவு பண்ணின ஆளு சார் ஒருத்தர்தான். அந்த விதியைக் காட்டித்தான் உரிமம் வாங்கினோம். சான்று ஏறலைன்னா அஞ்சு மணிக்கு சிஸ்டம் தானா பணத்தை விட்டுடும், என்னால நிறுத்த முடியாது." அதிகாரி முன்னோக்கிச் சாய்ந்தார். "மூணு மடங்கு தரேன் சார். இந்த ஒண்ணு மட்டும்."

சர்வேயர் சட்டைப் பையிலிருந்து முத்திரையை எடுத்தார். அதிகாரியின் முகம் தெளிந்தது. சர்வேயர் மேசையிலிருந்த காகிதக் கத்தியால் முத்திரையின் ரப்பரை மரத்திலிருந்து உரிக்கத் தொடங்கினார். முதலில் பெயர் வந்தது, அடுத்துப் பதவி, பின்பு பதிவு எண். ஊதாத் துணுக்குகள் கண்ணாடி மேசைமேல் உதிர்ந்தன. வேலை முடிந்ததும் சான்றிதழைக் கவிழ்த்து, அதன் வெற்றுப் பக்கத்தில் எழுதலானார்.

"என்ன சார் எழுதுறீங்க?"

"புகார். உரிமம் கொடுத்தவங்களுக்கு. பதினொரு பேருக்கு எதிரா பொய்ச் சான்று கொடுத்த ஒரு ஆளு மேல. அவரை வெச்சிருந்த கம்பெனி மேல."

"அதுல உங்க பேருதான் முதல்ல வரும். நாங்க விழுந்தா நீங்களும் விழுவீங்க."

"அதனாலதான் என் பேரைப் பெரிசா எழுதுறேன்."

"அத்தான்," என்றார் மைத்துனர் தாழ்ந்த குரலில், "அடுத்த மாச வாடகை?"

"உன் அக்கா நகையைப் பத்தி நினைக்காதே. வேற யோசி."

"யோசிச்சுட்டேன். மாடிப்படிக்குக் கீழ ஒரு அறை பார்த்துக்கலாம். நம்ம தகுதிக்கு அதுவே ஜாஸ்தி."

அதிகாரி எழுந்து நடந்தார்; அமர்ந்தார்; யாரையோ அழைத்தார்; எதிர்முனையில் எவரும் எடுக்கவில்லை. சர்வேயர் பதினொரு பெயர்களையும் ஒவ்வொன்றாய் எழுதினார். எட்டாவது பெயர் நினைவுக்கு வரவில்லை. அதற்காக அவர் வெட்கத்துடன் படத்தைத் திறந்து பார்க்க வேண்டியதாயிற்று. எழுதி முடித்ததும் பேனாவை மூடினார். பிறகு, தாளை மேலே தூக்கிப் பிடித்து, முதல் வரியிலிருந்து மெல்லப் படிக்கலானார்.

நடுவே மைத்துனரின் அலைபேசி ஒலித்தது. மெஷின் அக்காவின் குரல் அறை முழுதும் கேட்டது.

"பணம் வந்துடுச்சுங்க. முன்பணம் கொடுக்கப் போயிட்டிருக்கேன். ஒரு பொண்ணு முப்பத்தொன்னாம் நம்பரை வண்டியில ஏத்திட்டு வந்து வாசல்ல நிக்குது. யாரு அது?"

"உங்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தவங்கக்கா," என்றார் மைத்துனர். "ஒரு ஸ்டூல் போடுங்க."

சர்வேயர் தலை நிமிரவில்லை. அவர் இன்னும் படித்துக்கொண்டிருந்தார். கடைசி வரி வரை ஒரு சொல்லும் விடாமல் படித்து, அதன்பின் அடியில் கையெழுத்திட்டார். அப்பொழுது மணி மாலை ஐந்து, நான்கு நிமிடம்.